தோற்றம் மட்டும்

கானாடுகாத்தான் பங்களா ஓட்டலில்
இரண்டாம் கட்டின் ஐந்தாவது தூணருகேதான்
வைஃபை ஒழுங்காக வரும்.
ராத்திரிக் காவலுக்கு நாற்காலியை
அங்கேதான் போட்டுக்கொள்வேன்.
போனைத் திறந்தால் நான் கேடயக்காரன்.
நாற்பத்திரண்டாம் நிலை.
பெயரென்று புதிதாக எதுவும் யோசிக்கவில்லை,
அங்கேயும் அடைக்கலம்தான்.

விளையாட்டில் நுழைந்ததும் முதல் கேள்வி
உன் வகுப்பு எது?
தாசில்தார் ஆபீசிலும் அதே கேள்விதான்,
ஆனால் அங்கே
பட்டியலைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை.

கேடயக்காரனுக்கு இரும்பு.
வில்லாளிக்குத் தோல்.
வைத்தியச்சிக்குக் கணுக்கால்வரை வெள்ளைப் பட்டு,
காற்றில்லாத குகையிலும் அலையும்.
பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்
யார் அடிக்க, யார் அடி வாங்க, யார் ஆற்ற என்று.

போன வியாழக்கிழமை ஓர் அப்டேட்.
விடியும்வரை சொட்டுச் சொட்டாக இறங்கியது.
இனி எந்த வகுப்பும் எந்த உடையும் உடுக்கலாம்.
கீழே, எறும்பு எழுத்தில்:
தோற்றம் மட்டுமே மாறும். பலம் மாறாது.

பொற்கொடி தேவகோட்டையில் மருந்துக்கடையில் இருக்கிறாள்.
விளையாட்டிலும் மருந்துதான்.
அன்றைக்கே மாட்டிக்கொண்டாள்
கொம்பு வைத்த தலைக்கவசம், முள் முளைத்த தோள்,
அண்டாவைக் கவிழ்த்த மாதிரி மார்புத்தகடு.
"மூணு வருசமா நைட்டியோட ஓடி ஒளிஞ்சது போதும்."
அவள் விட்ட வெள்ளைப் பட்டில்
நான் புகுந்துகொண்டேன்.
பள்ளத்தூர் செல்போன் கடைத் தாவூது
இடுப்புக்கு மேல் மந்திரவாதி, கீழே குதிரைவீரன்,
செருப்பு எந்த வகுப்பென்று அவனுக்கே தெரியாது.

முதல் சண்டையில்
வைத்தியச்சியைத் தீர்த்துவிடுவோம் என்று
நாலு பேர் என்மேல் பாய்ந்தார்கள்.
நாலு வாளும் மடங்கின.
சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் எழும்பி
மேனேஜர் அறையில் விளக்கு எரிந்தது.

இரண்டாம் சண்டையில்
பொற்கொடி செத்தாள்.
கொம்பும் முள்ளுமாய் முன்னால் நின்றவளுக்குக்
கேடயம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.
"என்னைத் தெரியலையா?"
பதில் எழுதினேன், அழித்தேன்.
எழுதினேன்.
அழித்தேன்.

சனிக்கிழமை பிரெஞ்சுக்காரர்கள் பதினோரு பேர்.
வாசலில் கும்பிட்டு வரவேற்க ஆள் இல்லை.
மேனேஜர் என் நீலச் சட்டையைக் கழற்றச் சொல்லி
எட்டு முழ வேட்டியும் சரிகைத் துண்டும் கொடுத்தார்.
நெற்றி நிறையத் திருநீறு, அவரே பூசினார்.
ஓர் அம்மாள் பர்மாத் தேக்குத் தூணோடு சேர்த்து
என்னைப் படம் பிடித்தாள்.
வீட்டைக் காட்டி, என்னைக் காட்டி,
உன்னுடையதா என்று கையால் கேட்டாள்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று
எனக்கே சரியாகத் தெரியவில்லை.
பலம் மாறவில்லை. சம்பளம்
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
வேட்டி மடிப்பில் சாவிக்கொத்து கனத்தது,
முப்பத்தெட்டு அறைக்கும் சாவி.

ராத்திரி மறுபடி தூணடி.
எதை உடுப்பதென்று தள்ளிக்கொண்டே போனபோது
பட்டியலின் கடைசியில் ஒரு கட்டம்:
தலைக்கவசத்தை மறை.
தொட்டேன்.

மூன்று வருடம் இரும்புக்குள் இருந்த முகம்.
முதல் நாள், காரைக்குடி பஸ்சில், நின்றபடியே
பன்னிரண்டு முகங்களில் ஏழாவதைத்
தொட்டுவிட்டு ஓடிவந்தது ஞாபகம் வந்தது.
காது கொஞ்சம் பெரிது.
யாரோ கூப்பிட்டுத் திரும்பியவன் மாதிரி
என்னைப் பார்த்தான்.

பொற்கொடி வந்து பக்கத்தில் நின்றாள்.
அதே கொம்பு, அதே முள், அதே அண்டா.
இடக் கொம்பில் மட்டும்
ஒரு வெள்ளைப் பட்டுத் துணி முடிந்திருந்தாள்.

"அட, உனக்கு மூஞ்சி இருக்கா?" என்றாள்.

குகைக் கதவு திறந்தது.
நான் முன்னால் போனேன்.