ஒரு நூல்

கிழக்குச் சன்னலை ஒட்டித்தான் என் தையல் மிஷின்.
எட்டு மணி வெயில் நேராக ஊசிக் காதில் இறங்கும்,
கண்ணாடி போடாமலே கோத்துவிடுவேன்.
அந்த வெயிலில்தான் முளைத்தது
மைதீன் பாத்து வீட்டு மாடி.

முதலில் சாரம், சவுக்குக் கம்பும் சணல் கயிறும்.
பிறகு இடுப்புயரச் சுவர்.
பிறகு லிண்டல்.
ஒருநாள் காலை எட்டு மணிக்கு டியூப்லைட் போட்டேன்,
இந்தப் பேட்டைக்கு வந்து பதினோரு வருஷத்தில் முதல்முறையாக.
கரண்டு பில்லை அவளிடமே நீட்டலாமா என்று
ஒவ்வொரு கொக்கி தைக்கும்போதும் யோசனை.

கொத்தனார் முப்புடாதி சன்னலில் தலையை நீட்டினார்.
"டெய்லரக்கா, இந்த முனையைச் சித்த பிடிச்சுக்கிடுங்க.
கையாள் டீ வாங்கப் போயிருக்கான்."
தண்ணீர் நிரம்பிய டியூப்,
மதிலேறி, கருவேப்பிலைச் செடியைச் சுற்றி,
கம்பி இடுக்கில் நுழைந்து
என் மேசைக்கே வந்துவிட்டது.
"நான் எதுக்குப் பிடிக்கணும்?"
"உங்க சன்ஷேடு மட்டத்துக்கு அவுக சன்ஷேடும் வந்தா
பாக்க லெச்சணமா இருக்கும்லா."

பிடித்தேன்.
உள்ளே ஒரு குமிழ். சுண்டச் சொன்னார். சுண்டினேன்.
தண்ணீர் மேலும் கீழும் ஆடி
முடிவெடுக்காமல் நின்றது.
"அசையாதீங்க. நீங்க மூச்சு விட்டா
இங்கன ஒரு நூல் ஏறுது."
நூலா?
"அரைக்கால் இஞ்சு. எங்க கணக்குல அதுதான் நூலு."

என் டப்பாவில் நாற்பது நிறத்தில் நூல் உண்டு,
கிளிப்பச்சையில் மட்டும் மூன்று.
ஒன்றாலும் எதையும் அளந்ததில்லை.

அன்றிலிருந்து மிஷின் மிதிப்பதில் பாதி, வேடிக்கையில் பாதி.
கரணையால் கலவையை வீசுவார், சளப்.
அது விழாமல் நிற்பதே எனக்கு ஆச்சரியம்.
மணியாசுக் கட்டை வட்டம் வட்டமாய்ப் போகும்
பட்டுத்துணியில் இஸ்திரி போடுகிற ஜாக்கிரதையில்.
சித்தாள் ஸ்டெல்லா கீழிருந்து செங்கலை எறிவாள்,
இரண்டிரண்டாக, ஃபோனில் தங்கச்சியைத் திட்டிக்கொண்டே.
ஒன்றுகூடத் தவறவில்லை.
வேடிக்கை பார்த்ததில் ஒரு ரவிக்கைக்கு
இரண்டு கையும் இடக்கையாகத் தைத்துவிட்டேன்.

பாத்து காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துச் சுவரை நனைப்பாள்.
பாதித் தண்ணீர் என் கொடியில்,
மானூர்க் கல்யாணப் பெண்ணின் ரவிக்கை மேல்.
நான் கத்த, அவளும் கத்த,
கேட் அடைத்துச் செங்கோட்டை ரயில் போனதில்
யார் என்ன சொன்னோம் என்று இருவருக்குமே கேட்கவில்லை.

வெள்ளையடித்த அன்றுதான் கண்டேன்.
நாலு மணிக்கு மேற்கு வெயில்
என் கூரைக்கு மேலாகப் போய் அந்தச் சுவரில் மோதி
திரும்பி இறங்குகிறது சன்னலுக்குள்,
வடிகட்டினது போல, சூடில்லாமல்.
யாரும் போட்ட கணக்கில்லை அது.
முப்புடாதியிடம் சொன்னேன்.
"அப்படியா!" என்று அவரே இறங்கி வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.
இப்போது ஊசி கோக்கிற வேலையெல்லாம் நாலு மணிக்கு.

நேற்று பாத்து வந்தாள்,
புது வீட்டுக்கென்று நான் தைத்துக் கொடுத்த சட்டையோடு.
"கக்கத்துல ஒரு நூல் பிடிக்குதுக்கா."
"உன் கொத்தனார் நூலா, என் நூலா?"
அவள் விழித்தாள்.
நான் ஸ்கேலைத் தேடினேன்.