கழிவுச் சூடு

நான் குளிர்பதன மெக்கானிக்.
பனிக்கட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அது உருகக் கூடாது என்பது மட்டும்.

கோபன்ஹேகன் விளிம்பில், சைக்கிள் கடைக்குப் பின்னால்,
ஜன்னல் இல்லாத கிடங்கு. உள்ளே மைனஸ் முப்பது.
கிரீன்லாந்தின் வயிற்றிலிருந்து துளைத்தெடுத்த பனி
கை நீளத் துண்டுகளாக அடுக்கில் படுத்திருக்கிறது.
ஒவ்வொன்றிலும் ஓர் எண், ஓர் அம்புக்குறி:
எது மேல், எது கீழ்.

ஜூலை. இரவு இரண்டு மணிக்கும் வியர்க்கிறது.
இரண்டாம் கம்ப்ரசர் எரிந்துவிட்டதாகப் போன்.
நான் போனபோது ஆவியாயா
இரவு உடைக்கு மேல் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்.
"ஆறாம் அடுக்கு முதலில்" என்றாள்,
தீப்பிடித்த வீட்டில் பிள்ளைகளை எண்ணுகிறவள் குரலில்.

சுமந்தோம்.
நடுவில் ஒரு துண்டை டார்ச்சுக்கு நேரே பிடித்தாள்.
நரைமுடி போல ஒரு கோடு.
"எரிமலை. வானத்தைச் சாம்பலால் மூடி
இரண்டு கோடையைத் தின்றது.
பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது."
இன்னொன்றைக் காட்டி,
"இது பூமி தலை சாய்த்த கணக்கு.
ஒரு தலையசைப்புக்கு நாற்பதாயிரம் வருஷம்.
அதற்கு அவசரமே கிடையாது."

பல் தந்தியடிக்கக் கேட்டேன்:
"அப்படியானால் இப்போதைய சூடும் தானாக வந்ததுதானே?
என் மச்சான் தோர்கில் அப்படித்தான் சொல்கிறான்."

பதில் சொல்லவில்லை.
மேல்மட்டத்துத் துண்டொன்றைக் கையில் வைத்தாள்.
பஞ்சு போல லேசு. பார்க்க ஒன்றுமில்லை.
"நீ பிறந்த வருஷம் இதில் எங்கோ இருக்கிறது.
அன்றைக்கே காற்றில் இருந்த கரி
எட்டு லட்சம் வருஷத்துப் பனியில்
எந்தத் துண்டிலும் இல்லாத அளவு.
மலை கக்கினால் ஒரு கோடு விழும்.
நாம் கக்குவதில் கோடே இல்லை.
இங்கிருந்து மேலே எல்லாமே நாம்."

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.
பழைய ஃப்ரிட்ஜ்களின் குழாயை வெட்டி
உள்ளிருந்த வாயுவை உஸ்ஸென்று வெளியே விட்டிருக்கிறேன்.
பதினேழு வருஷம். நாளைக்கு ஐந்தாறு.
நிறமில்லை, வாசனையில்லை, கேட்பாரில்லை.
அதில் ஒரு கிலோ, டன் கணக்கான கரிப்புகைக்குச் சமம் என்று
பிறகொரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
காபியும் கொடுத்தார்கள்.

ஆவியாயா எதையும் அடித்துச் சொல்ல மாட்டாள்.
கடல் ஒரு மீட்டர் ஏறலாம். இன்னும் ஏறலாம்.
நீரோட்டம் தளரலாம்.
எங்கோ ஒரு தீவில் கிணறு உப்பாகலாம்.
அவள் அண்ணன் நாய்களை விற்றுவிட்டான்;
பனிக்கடல் பிப்ரவரி வரை காலைத் தாங்குவதில்லை.
இதில் மட்டும் "லாம்" இல்லை.
என் நிலவறையில் மூன்று மழைக்கு முன்
முழங்கால் வரை நின்ற தண்ணீரிலும் இல்லை.

மூன்று துண்டுகள் தப்பவில்லை.
தரையில் கிடந்து பட், பட் என்று வெடித்தன.
உள்ளே அடைபட்ட குமிழிகள்.
மனிதன் கோதுமை விதைக்கத் தொடங்கியபோது வீசிய காற்று,
சைக்கிள் கடைக்குப் பின்னால்
என் முகத்தில் பட்டுக் கலந்து போனது.
அவள் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள்.
நான் துடைப்பான் எடுத்து வந்தேன்.
பிழிந்ததில் அரை வாளி.

ஐந்து மணிக்குப் புது கம்ப்ரசர் உறுமியது.
உள்ளே முள் இறங்க ஆரம்பித்தது.
வெளிச் சுவரில் காற்றாடி சுழன்று
உள்ளிருந்த சூட்டையெல்லாம் தெருவில் கொட்டியது.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்:
முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் என் உத்தியோகம்.

விரல்கள் விறைத்திருந்தன.
யாரும் பார்க்கவில்லை.
அந்தக் காற்றாடிக்கு நேரே இரண்டு கையையும் காட்டினேன்.

சுகமாகத்தான் இருந்தது.