சொடுக்குக்கு முன்

காலை ஆறரை. பள்ளிப் பேருந்தைக் கிளப்ப
இன்னும் நாற்பது நிமிடம்.
வாசல் பலகைமேல் பழைய கம்பளம் விரித்துக்
குப்புறப் படுத்திருக்கிறேன்.
புல்லெல்லாம் உறைபனி.

தோட்டாக்கள் உள்ளே, பூட்டிய பெட்டியில்.
வெடியறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் துழாவுகிறேன்:
காலி.
இன்னொரு தடவை. காலிதான்.
இந்த விஷயத்தில் என்னை நானே நம்பாததில்
ஒரு குறையும் இல்லை.

எண்பது மீட்டரில் விறகுக் கொட்டகை,
அதன் பின்னே மண்மேடு.
சுவரில் காப்பிக் கோப்பையின் வாயளவு
கரியால் இழுத்த வட்டம்.
குறுக்குக் கோடு அதன் நடுவில்.
மூச்சு பாதி வெளியே.
விசை.
டிக்.

கோடு துள்ளிவிட்டது,
இடது பக்கம், கொஞ்சம் மேலே.

போன அக்டோபரிலும் இதே பக்கம்தான்.
நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு
முதுகைக் கிழித்துக்கொண்டு போயிற்று.
மறுநாள் மதியம்வரை ஹில்கா தன் நாயோடு
சதுப்பெல்லாம் அந்த மூஸ் மானைத் தேடி நடந்தாள்.
முடித்து வைத்ததும் அவள்தான்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காதபோதே நான் சொன்னேன்:
ஸ்கோப் நகர்ந்துவிட்டது,
தைஸ்தோ சரியாக மாட்டவில்லை.

ஊரில் எல்லாரிடமும் சொன்னேன்.
மாட்டிய கூலி நாற்பது யூரோ,
அதையும் கொடுக்கவில்லை.

திருகாணித் தலைகளில் அவன் இழுத்துவிட்ட
சிவப்பு நகப்பூச்சுக் கோடு
மயிரிழை பிசகாமல் இருக்கிறது.
இன்றுதான் குனிந்து பார்க்கிறேன்.

ரைஃபிளை மணல்மூட்டைகளுக்கு நடுவே புதைத்து,
கன்னம் படாமல் கழுத்தை மட்டும் நீட்டி,
ஒரு விரலால்.
டிக்.
கோடு அசையவில்லை.
இன்னும் நான்கு முறை. அசையவே இல்லை.

பிறகு மூட்டைகளைத் தள்ளிவிட்டு
கட்டையில் கன்னம் பதித்து,
குழல்மேல் ஒரு பத்து சென்ட் காசைப்
படுக்கவைத்தேன்.

டிங்.
டிக்.

எது முந்தி என்று காது சொல்லிவிட்டது.
பலகையில் உருளும் காசை எடுத்து
திரும்ப வைத்தேன்.
டிங். அப்புறம் டிக்.

விசை விடுபடுவதற்குள்
தலையைத் தூக்கிவிடுகிறேன்.
பட்டதா என்று பார்க்க.
இன்னும் புறப்படாத குண்டை.

பதினெட்டாவது தடவை
டிக் மட்டும் கேட்டது.
காசு அங்கேயே கிடந்தது, அதன்மேல் என் மூச்சின் ஈரம்.
பத்தொன்பதாவதில் மறுபடி விழுந்துவிட்டது.

உறையில் நாற்பது யூரோ வைத்து
தைஸ்தோ பெயர் எழுதியாயிற்று.
துண்டுத்தாளில் என்ன எழுதுவது?
"திருகாணிகள் உறுதியாக உள்ளன."
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது நிறுத்தத்தில்
மகனின் குல்லாயை இழுத்துவிட்டபடி ஹில்கா நிற்பாள்.
கதவு திறந்து மூட ஏழு நொடி.
கன்னத்தில் கட்டையின் தடம்
அதற்குள் மறையாது.
மறைய வேண்டாம்.