பழுதுப் புத்தகம்

தெமட்டகொடை ஷெட்டில் எனக்கு மின் வேலை.
எஞ்சின் நெற்றியில் மஞ்சள் சுழல்விளக்குப் பூட்டியது
சித்திரை மாதம்.
தூரத்திலேயே தெரியும், சனம் விலகும்
என்றது சுற்றறிக்கை.

கொழும்பில் தண்டவாளம்தான் குறுக்குவழி.
கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை மட்டும்
குடைக்குள் இருவர்,
கைபேசிக்குள் ஒருவர்,
செருப்பைக் கையில் பிடித்தபடி
சிலிப்பர் கட்டை எண்ணும் பிள்ளைகள்.

முதல் கிழமை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.
விலகவில்லை. பார்த்தார்கள்.
இரண்டாம் கிழமை காகங்களும் பழகிவிட்டன.

மூன்றாம் கிழமை மழை.
சாரதி துவான் சல்டீன் இறங்கி வந்து கண்ணைக் கசக்கினார்.
"தம்பி, நீ பூட்டினது மற்றவனுக்கா, எனக்கா?
ஒவ்வொரு சுற்றுக்கும் மழை மஞ்சள் சுவராகுது.
சுவருக்குப் பின்னால ஆள் நின்றால்
நான் எங்க காணுறது?"

தகரம் வெட்டிப் பின்பக்கம் மறைத்தேன்.
தகரம் அதிர்ந்து கத்தியது.
றப்பர் வைத்தேன்.
சூட்டில் றப்பர் உருகியது.

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி, திருமதி அபேரத்ன
கடிதம் போட்டிருந்தார்:
படுக்கையறைச் சுவரில்
இரவிரவாக யாரோ ஓடுகிறார்களாம்.

பிறகு உப்பு.
உப்புக்கு ஒருவரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.
மோட்டார் இறுகி,
உள்ளே சுழலும் கண்ணாடி
வலப்பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது.
ஆறு இருபது வண்டி
பாணந்துறை போகும்வரை
கடலை மட்டும் எச்சரித்தது.
திரும்பி வரும்போது திருமதி அபேரத்னவை.

புத்தகத்தில் எழுதினேன்:
காரணம், உப்பு.
மாற்றுப் பாகம், இல்லை.
பயன், ஒருவருக்கும் இல்லை. கழற்றலாம்.

கழற்றி எட்டாம் நாள்
ஷெட் வாசலில் ஒருவர்.
வெள்ளவத்தையில் தையல்கடை, பெயர் சந்தியாப்பிள்ளை.
பேசவில்லை. காதைத் தொட்டுக் கையை விரித்தார்.
துணி அளவு எழுதும் சிட்டையில்
நீலப் பென்சிலால் எழுதி நீட்டினார்:
"மஞ்சள் எங்கே?
என் கடைக் கண்ணாடியில் அது மின்னினால்
தண்டவாளத்தில் இறங்க மாட்டேன்."

புத்தகத்தைத் திறந்தேன்.
'ஒருவருக்கும் இல்லை' என்பதை
பேனையால் எழுதியிருந்தேன்.

வேறென்ன கொடுப்பதென்று தெரியாமல்
சிட்டையின் மறுபக்கத்தில்
வண்டிகளின் நேரங்களை எழுதிக் கொடுத்தேன்.
வாசித்தார்.
தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.
கொழும்பில் எந்த வண்டி
எழுதிய நேரத்துக்கு வந்திருக்கிறது?