ஒன்றுக்கு ஒன்று

ரூவியில் டைப்பிங் கடையொன்றை மூடியபோது
ஜெராக்ஸ் இயந்திரத்தை எடைக்குப் போடச் சொன்னார்கள்.
இருபத்தாறு வருடம் ஓடிய இயந்திரம்.
கடைசியாக டோனர் மாற்றியவன் என்ற உரிமையில்
வயிற்றைத் திறந்து
கண்ணை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

பித்தளை உடம்பு. பால் டின் கனம்.
திருகிக் குவிக்க வளையம் கிடையாது,
விரிந்து சுருங்க இதழ்கள் கிடையாது.
பாஸ்போர்ட், விசா, சம்பளச் சான்று,
ஒருவர் இறந்ததற்கான தாள், அதற்கு நான்கு பிரதிகள்,
எதை வைத்தாலும் வைத்த அளவில் பார்க்க மட்டுமே
பழகிய கண்.

கேமராவுக்கும் அதற்கும் மரை சேரவில்லை.
வாதி கபீரில் லேத் வைத்திருக்கும் குல் நவாஸ்
காலிப்பரை மூக்கருகே பிடித்துப் பார்த்து
"இது எந்த வண்டியின் பாகம்?" என்றார்.
இரண்டு ரியாலுக்கு ஓர் அலுமினிய வளையம் கடைந்தார்.
மீதிக்கு, ஒரு சாணும் நாலு விரலும் நீளத்தில்
பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய்.
ஒட்டிய பசை மதியச் சூட்டில் இளகி
லென்ஸ் ஒருமுறை தலையணையில் விழுந்தது.
தலையணைக்கு நன்றி.

முதல் படம் மோர்.
இரண்டாவதும் மோர்.
குழாயின் வெள்ளைச் சுவரில் வெளிச்சம்
சறுக்கு விளையாடியிருக்கிறது.
அபாயா தைக்கும் கடையில் கத்தரித்துப் போட்ட கறுப்புத் துணியை
உட்பக்கம் ஒட்டினேன்.
மூன்றாவது படத்தில்
கட்டெறும்புக்கு முகம் இருந்தது.

நேராகப் பார்த்தது. சிரிக்கவில்லை. பின்னணி வெள்ளை.
சனத் அலுவலகத்தில் கொடுத்தால்
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

இதற்குத் தூரம் தெரியாது.
ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டினால் சாம்பல் கஞ்சி.
பின்னே எவ்வளவு குழாயோ எதிரே அவ்வளவு இடைவெளி,
அந்த ஒரே இடத்தில்
ஒரு நகத்தின் கனத்துக்கு மட்டும் உலகம் தெளியும்.
மூச்சு விட்டால் போயிற்று.
ஏசி ஓடினாலும் போயிற்று. கம்ப்ரஸரின் நடுக்கம்
சுவர் வழி, மேசை வழி, எறும்பின் மீசை வரை வரும்.
ஆகவே படம் எடுக்கும்போது ஏசியை நிறுத்துவேன்.
ஆகவே அறையில் ஐந்து பேருக்கு என்னைப் பிடிக்காது.

ஐவரில் ஒருவர் சவரிராயன். டைல்ஸ் ஒட்டுபவர்.
ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்கப் போன இடத்தில்
ரேகை இல்லையென்று இயந்திரம் மூன்று தரம் சிவந்ததாம்.
சிமெண்ட் தின்றுவிட்டது.
"உன் குழாயில் தெரியுதா பார்" என்று
பத்து விரலையும் நீட்டினார்.
பிறகு அவரே எழுந்து போய் ஏசியை அணைத்தார்.

ஜூன் மாதம். இரவு பதினொன்று.
ஆறு பேருக்கும் வேர்த்தது.
டார்ச்சுக்கு டிஷ்யூ சுற்றி ஒருவன் பிடித்தான்.
கட்டை விரல், வழுவழுப்பு.
ஆள்காட்டியில் வெடிப்புகள், அவற்றுள் வெள்ளையாய் கிரவுட்.
நடுவிரலில் கண்ட கோடு
பழைய கட்டர் வெட்டு, அது கணக்கில் வராது.
இந்த விரல்கள் பிடித்துக் கொடுத்த பாஸ்போர்ட்டை
என்றாவது இதே கண் பார்த்திருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

இடக்கை மோதிர விரல். நகத்தை ஒட்டிய ஓரம்.
ஐந்தாறு வரிகள்,
வளைந்து, ஒன்றையொன்று தொடாமல்.
நான் மூச்சு விட்டதும் அழிந்தன.
அடக்கியதும் வந்தன.

கேமராவின் சின்னத் திரையை
அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கூட்டிக் காட்டுறியா?"
"கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை."
ஏசியை யாரும் போடவில்லை.

படத்தை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். தெரியும்.
ஞாயிறு காலை அந்த ஒரு விரலை
ஓரமாய்ச் சாய்த்து வைத்திருக்கிறார்.
முதல் தடவை சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு.
மூன்றாவதுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே
சட்டையைக் கழற்றி,
ஏசியைப் பதினெட்டில் வைத்து,
கட்டிலில் சாய்ந்து,
"எங்கே, அந்த எறும்பைக் காட்டு" என்றார்.