பனிநிலை

அம்பத்தூர் எஸ்டேட். மே மாதம்.
இரவு மூன்று பத்துக்கு
நான்காம் வரிசையின் அடியில்
கசிவு காட்டும் கயிறு கத்தியது.

எபினேசர் டார்ச்சோடு மண்டியிட்டான்.
நான் ஒவ்வொரு மூட்டாகத் துணியால் ஒற்றினேன்.
எங்கள் திரவம் பச்சை. விரலில் வழுக்கும்.
துணியில் இருந்ததோ
நிறமில்லாத, வழுக்காத
வெறும் தண்ணீர்.

ஒன்பது நாளாக எங்கள் தெருவுக்கு வராதது
யாரும் கூப்பிடாமல்
இங்கே வந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், கதவு."

டவர் கிடைக்காமல் வெளியே போன குலோத்துங்கன்
தீயணைப்பானை முட்டுக்கொடுத்து வைத்திருந்தான்.
அந்த ஒரு சாண் இடைவெளியில்
அட்டை தேய்க்காமல்
கைரேகை வைக்காமல்
கடற்காற்று உள்ளே வந்திருக்கிறது.
பதினெட்டு டிகிரிக் குழாயைக் கண்டதும்
அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டது.

கசிவில்லை. வியர்வை.
இந்த ஊரில் குழாய் மட்டும் என்ன,
வேறு சாதியா?

உள்ளே அப்போது ஓடிக்கொண்டிருந்த வேலை:
வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை.
பத்து நாள் ஈரப்பதம்
கட்டம் கட்டமாக, ஒவ்வொரு மணிக்கும்.
தன் முதுகில் உட்கார்ந்திருந்த ஈரம்
அதன் எந்தக் கட்டத்திலும் இல்லை.
ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லியையும்
கழுநீர்ப் பானையையும்
நினைத்துக்கொண்டேன். சிரிக்கவில்லை.
ஒரு சொட்டு தப்பி பலகையில் விழுந்திருந்தால்
விடியும்போது எனக்கு வேலை இருந்திருக்காது.

"தண்ணியச் சூடாக்கு" என்றேன்.
"குளிர வைக்கிற தண்ணியவா?"
"முப்பத்திரண்டுக்கு ஏத்து."

பதினெட்டு என்பது
பனி பெய்யும் ஊரில் யாரோ எழுதிய கையேட்டின் எண்.
எழுபதில் தகிக்கும் சிப்புக்கு
முப்பத்திரண்டே மோர்.
எபினேசர் என்னை ஒருமுறை பார்த்தான்,
திரையை ஒருமுறை.
பிறகு விரலை வைத்தான்.

காத்திருந்தோம்.
பம்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
சிப்புகளின் சூடு கொஞ்சம் ஏறி
நின்றுகொண்டது.
இருபத்தைந்து நிமிடத்தில் குழாயின் தோல் உலர்ந்தது,
கடைசியில் அந்த வளைவு மட்டும்
முழங்கை மடிப்பு மாதிரி
ரொம்ப நேரம் ஈரமாகவே இருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
கசிவு - இல்லை.
காரணம் - கதவு.
அடித்துவிட்டு, காரணம் - சென்னை.
அதையும் அடித்துவிட்டுக்
கதவு என்றே எழுதினேன்.

குலோத்துங்கன் ஒன்றும் கேட்கவில்லை.
தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டுபோய்
அதன் கொக்கியில் மாட்டினான்.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
வாசலில் தண்ணீர் லாரி
பின்பக்கம் சொட்டியபடி நின்றது.
படியிறங்கியதும் எதுவுமே தெரியவில்லை:
லாரி, தெரு, எபினேசரின் பைக்,
எல்லாம் வெள்ளை.
கண்ணாடியைக் கழற்றிப்
பையில் துணியைத் தேடினேன்.

அது ஏற்கெனவே ஈரம்.