கதவில் எட்டு இலக்கம்

தாராவி, தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
எங்கள் தகரக் கதவில்
சர்வேக்காரர்கள் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிப்போனது:
73939133.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு
இத்தனை நீளப் பெயர்.

காஜா பட்டன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில்
வகுத்துப் பார்த்தேன்.
இரண்டுக்கு ஒன்று மீதி. மூன்றுக்கு இரண்டு.
ஐந்துக்கு மூன்று. ஏழுக்கு மறுபடி இரண்டு.
பதின்மூன்றுக்கு எட்டு.
எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரை
போனால் போதும், அப்புறம் தேட வேண்டாம்.
போனேன்.
மூன்று மாதம், நாலு ரீஃபில்.
ஒவ்வொரு தடவையும் ஏதோ மிஞ்சியது.

பகா எண்.
வீட்டுக்குள் மூன்று அண்ணன் தம்பிகள்
குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.
வரப்போகிற ஃபிளாட்டில் யாருக்கு எவ்வளவு என்று.
நான் வெளியே நின்று
கடைசி மூன்றைக் கட்டைவிரலால் மறைத்தேன்.
7393913
அதுவும் பகவில்லை.
விரலை நகர்த்தினேன்.
739391
73939
7393
739
73
7
எட்டு தடவையும் அதே பிடிவாதம்.
வலக்கையை வெட்ட வெட்ட
வளையாமல் நிற்கிற இந்த வகையறாவில்
இதைவிடப் பெரிய எண் கிடையாது.

இழக்கத் தெரியும் அதற்கு. கூட்டிக்கொள்ளத் தெரியாது.
பின்னால் ஒரே ஒரு இலக்கம் சேர்த்துப் பாருங்கள்.
இரட்டை என்றால் இரண்டு வந்து நிற்கும்.
ஐந்துக்கு ஐந்து.
ஒன்றுக்கும் ஏழுக்கும் மூன்று.
மூன்றோ ஒன்பதோ என்றால்
முகம் தெரியாத யாரோ ஒருத்தர்
தூரத்திலிருந்து வந்து வகுத்துவிட்டுப் போவார்.

போன செவ்வாய் தோத்ரே வந்தார், டப்பாவும் பிரஷ்ஷுமாக.
பரணில் தனிக்குடித்தனம் என்று
மூத்தவர் அருமைராஜ் மனு கொடுத்திருக்கிறார்.
"மேலே இருக்கிறவருக்குத் தனி அடையாளம் வேண்டாமா, பாய்?"
என்று மராட்டியில் கேட்டபடியே
எண்ணின் கடைசியில் இழுத்தார் ஒரு கோடு.
1.

வாசலிலேயே மனதில் வகுத்துவிட்டேன்.
அருமைராஜுக்கு
இருபத்து நாலு கோடியே அறுபத்து நாலு லட்சத்து
அறுபத்து மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு.
என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு அதே.
சவுதியிலிருந்து வந்த ஜெபசிங்குக்கும் அதே.
மீதி, பூஜ்யம்.
இவ்வளவு சுத்தமான பங்கை
எந்த வக்கீலும் போட்டுத் தந்திருக்க மாட்டார்.

உள்ளே மூவரும் டீ குடித்தார்கள், ஆளுக்கொரு மூலையில்.

பெயின்ட் இன்னும் காயவில்லை.
சுண்டுவிரல் நுனியில் லேசாக ஒட்டுகிறது.
துடைத்தால் கேஸ் ஆகும் என்கிறார் தோத்ரே.
நான் துடைக்கவில்லை.
ஜூன் வரட்டும்.
எங்கள் கூரை
வலப்பக்கம்தான் ஒழுகும்.